தலைநகரில் முதல் நாள்

அயல்நாடு சென்று திரும்பியவர்கள் எழுதும் பிரயாணக் கட்டுரைகளில் ஓர் ஒழுங்கு உண்டு. இலண்டனோ, பாரிஸோ, ரோமாபுரியோ, எந்த ராஜதானியாயிருந்தாலும் முதல் நாள் நிகழ்ச்சி ஒன்றுதான். காலையில் கோட்டையும் கோயிலும்; நடுப்பகலில் அரண்மனை; மாலையில் ஆற்றங்கரை. இரவு விடுதிக்குத் திரும்பி, நோகும் காலைப் பிடித்து விட்டுக்கொண்டே, "ஒரு நாளில் பார்த்து முடிகிற நகரமா இது?" என்று எழுதி வைப்பார்கள்.

இந்த ஒழுங்கை நமக்குப் பாடம் பண்ணி வைத்தவன் நம் உறவினர் வீட்டுப் பிள்ளை. இலண்டனில் உத்தியோகம் பார்ப்பவன். விடுமுறைக்கு உடையார்பாளையம் வந்திருந்தான். ஒரு நாள் மாலை திண்ணையில் உட்கார்ந்து, அந்த மகா நகரத்தில் தான் ஊர் சுற்றிய முதல் நாளைப் பற்றி உற்சாகமாய்ச் சொல்லிக் கொண்டிருந்தான். தேம்ஸ் நதிக்கரையில் வெற்றி வீரன் வில்லியம் கட்டத் தொடங்கிய வெள்ளைக் கோபுரத்தைப் பற்றிச் சொல்லும்போது அவன் குரலே மாறிவிட்டது.

"தொள்ளாயிரத்தைம்பது வருஷத்துக் கட்டடம், தாத்தா! ஒரு கல் கூட அசையவில்லை."

தாத்தா என்று அவன் அழைத்தது அவனுடைய சின்னத் தாத்தாவை. ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். வெற்றிலைப் பெட்டியையும் சரித்திரத்தையும் ஒருங்கே கையாளத் தெரிந்தவர். அவர் நிதானமாகச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே கேட்டார்:

"அதைக் காட்டிலும் ஐம்பது வயது மூத்த ராஜதானி ஒன்று நம் தாலூக்காவிலேயே இருக்கிறதே, தம்பி, பார்த்திருக்கிறாயா?"

"கங்கைகொண்ட சோழபுரம்தானே? கோயிலைப் பார்த்திருக்கிறேன், தாத்தா."

"கோயிலைக் கேட்கவில்லை. தலைநகரத்தைக் கேட்டேன்."

பையன் விழித்தான். உண்மையைச் சொன்னால் நாமும் விழித்தோம். எத்தனையோ தடவை அந்தக் கோயிலுக்குப் போயிருக்கிறோம். கர்ப்பூர ஆரத்தியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திரும்பியிருக்கிறோம். ஆனால் நகரத்தைப் பார்த்ததில்லை. சுமார் இரண்டரை நூற்றாண்டு சோழ சாம்ராஜ்யத்தின் தலைநகராயிருந்த ஊரில் நாம் இலண்டனுக்குப் புதிதாய்ப் போன யாத்திரிகரை விட அன்னியராயிருந்தோம். மறு நாள் காலையிலேயே புறப்படுவதென்று தீர்மானமாயிற்று. அயல்நாட்டுத் தலைநகரை எப்படிப் பார்ப்பார்களோ அப்படியே, அதே ஒழுங்கில் பார்ப்பது என்பது ஒப்பந்தம்.

புறப்பாடு

உடையார்பாளையம் பெரிய ஊர் அல்ல. ஆயினும் கலை உலகத்தில் அதற்குப் பெயர் உண்டு. காலாட்கள் தோழ உடையார் என்ற பட்டம் பூண்ட ஜமீன்தார்கள் இங்கே வித்துவான்களை ஆதரித்தார்கள். கனம் கிருஷ்ணையர் இந்தச் சமஸ்தான வித்துவான். மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையரின் தந்தையார் அவரிடம் சங்கீதம் பயின்றவர். பயறணீசுவரர் கோயிலைக் கும்பிட்டுவிட்டுப் பஸ் ஏறினோம்.

ஜயங்கொண்டத்தில் பஸ் மாறினோம். அங்கிருந்தே தலைநகரம் ஆரம்பமாகிவிடுகிறது என்றார் தாத்தா. மதில்களும் வாசல்களும் கண்ணுக்குத் தெரியவில்லை. தெரிந்தவை ஊர்ப் பலகைகள். பெரிய நகரங்களில் வழிகாட்டிப் புத்தகம் விற்பார்கள். இங்கே வழிகாட்டிப் புத்தகத்தைக் கிராமப் பெயர்களாகப் பிரித்து வயல்களுக்கிடையே நட்டு வைத்திருக்கிறார்கள்.

ராஜேந்திரனின் கடற்படை 1025 வாக்கில் கடல் கடந்து சென்று வென்ற கடாரம், இன்றைய மலேசியாவிலுள்ள கெடா. அதன் பெயர் இங்கே கடாரங்கொண்டான் என்ற சிற்றூராக நிற்கிறது. கோட்டையின் உட்புறம் உட்கோட்டை. ஆயுதச் சாலை இருந்த இடம் ஆயுதக்களம். அரசரின் மெய்காவலர் குடியிருந்தது மெய்க்காவல்புத்தூர். நகரத்துக்குச் சுண்ணாம்பு அரைத்த இடம் சுண்ணாம்புக்குழி. அரண்மனை இருந்த மேடு மாளிகைமேடு. இவ்வளவையும் ஊரார் சர்வ சாதாரணமாகச் சொல்லுகிறார்கள். ஆயுதக்களத்தில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குத் தங்கள் ஊர்ப் பெயரே ஒரு சாம்ராஜ்யத்தின் தஸ்தாவேஜு என்று யாராவது சொல்லிக் கொடுத்திருப்பார்களா?

விண்ணை நோக்கி வளைந்த கல்

தூரத்தில் விமானம் தெரிந்ததும் பையன் பேச்சை நிறுத்திவிட்டான். வெள்ளைக் கோபுரத்தைப் பற்றி அதற்குப் பிறகு அன்று பகல் முழுதும் அவன் வாயைத் திறக்கவில்லை.

ராஜராஜன் தஞ்சையில் பெரிய கோயிலைக் கட்டி முடித்தது 1010-இல். அவன் மகன் ராஜேந்திரன் எழுப்பிய கங்கைகொண்ட சோழீசுவரம் 1035 வாக்கில் முற்றுப் பெற்றதாகச் சொல்லுகிறார்கள். இதன் விமானம் சுமார் 53 மீட்டர் உயரம். தஞ்சை விமானத்தை விடக் குறைவு. தஞ்சையில் விமானம் நெட்டை நிமிர்ந்து நேராக மேலேறுகிறது. இங்கேயோ அடியில் சதுரமாகத் தொடங்கி, மேலே போகப் போக மெல்ல உள்வாங்கி வளைந்து செல்கிறது. தந்தையின் கோயிலை விட உயர்த்திக் கட்ட மகனுக்கு வலிமை இல்லாமல் போகவில்லை. கங்கை வரைக்கும் படை நடத்தியவன், கடல் கடந்து கப்பல் ஓட்டியவன். தந்தையை மீறக்கூடாது என்றே உயரத்தைக் குறைத்தான் என்று பக்தர்கள் சொல்லுகிறார்கள். எதுவாயினும், அந்த வளைவைப் பார்த்துக்கொண்டு புல்தரையில் உட்கார்ந்திருந்தால் பொழுது போவதே தெரிவதில்லை.

கருவறையில் சுமார் 13 அடி உயரமுள்ள லிங்கம். கோயில் முகப்பில் பெரிய சுதை நந்தி. வெளிச் சுவர்களைச் சுற்றி வந்தால் ஆடவல்லான், அர்த்தநாரீசுவரர் என்று மாடந்தோறும் ஒரு தரிசனம். தாத்தா நம்மை நிறுத்திய இடம் வடக்கு வாசற்படியின் அருகில். அங்கே ஒரு புறம் ஞான சரஸ்வதி. எதிர்ப்புறம் சண்டேசானுக்கிரக மூர்த்தி.

கதை எல்லோரும் அறிந்ததுதான். சேய்ஞ்ஞலூரில் மாடு மேய்த்த சிறுவன் மணலால் லிங்கம் அமைத்துப் பாலால் அபிஷேகம் செய்தான். தடுத்த தந்தையின் காலையே வெட்டினான். சிவபிரான் தோன்றி அவனைத் தம் பிள்ளையாக ஏற்றுக்கொண்டார். பார்வதி அருகில் அமர்ந்திருக்க, பரமசிவன் குனிந்து, கைகூப்பி அமர்ந்திருக்கும் சிறுவனுடைய தலையில் கொன்றை மாலையைச் சுற்றுகிறார். இறைவன் முகத்தில் பெற்றவரின் கனிவு; சிறுவன் முகத்தில் நிறைந்த அமைதி. சண்டேசரின் உருவத்தில் ராஜேந்திரன் தன் பணிவையே செதுக்கி வைத்தான் என்று கருதும் கலைவாணர்களும் உண்டு. அயல்நாட்டுத் தலைநகர்களில் வெற்றி வளைவு பார்த்திருக்கிறோம். குதிரைமேல் வாளேந்திய அரசரைப் பார்த்திருக்கிறோம். வென்றவன் தலை குனிந்து உட்கார்ந்திருக்கும் வெற்றிச் சின்னத்தை இங்கேதான் பார்க்கிறோம்.

பிராகாரத்தில் சுதையினாலான பெரிய சிங்கம் ஒன்று இருக்கிறது. அதன் உடலுக்குள் புகுந்து படியிறங்கினால் கிணறு. கங்கை நீரை இதில் கொட்டினார்கள் என்று கர்ணபரம்பரையாகச் சொல்லுவார்கள். ஆனால் இந்தச் சிங்கக் கேணியைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டுவித்தவர் உடையார்பாளையம் ஜமீன்தார் என்று அங்குள்ள எழுத்து கூறுகிறது. நம் ஊர்க்காரரின் கைங்கரியம் என்று தெரிந்ததும் நமக்குச் சிறிது கர்வம் உண்டாயிற்று. அரசு போன பின்பும், தலைநகரம் காடான பின்பும், யாரோ ஒருவர் அங்கே ஒரு கிணற்றுக்குச் சிங்க முகம் வைக்க வேண்டுமென்று நினைத்திருக்கிறார் அல்லவா?

யுனெஸ்கோ ஸ்தாபனம் 2004-ஆம் ஆண்டில் இந்தக் கோயிலை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்தது. அதற்குக் கும்பகோணத்துக்கு அருகில் தாராசுரமும் துணை. பிற தேசத்தார் நிறையப் பேர் வருகிறார்கள், படம் பிடிக்கிறார்கள், போகிறார்கள். நாமும் இத்தனை காலம் இதோடு திரும்பிப் போனவர்கள்தாம்.

அரசன் வீடு

வேப்ப மர நிழலில் புளியோதரையையும் தயிர் சாதத்தையும் முடித்துக்கொண்டு அரண்மனை பார்க்கக் கிளம்பினோம். கோயிலுக்குத் தென்மேற்கே சுமார் இரண்டு கிலோமீட்டரில் மாளிகைமேடு.

அரண்மனை என்றதும் பையன் மனத்தில் என்ன தோன்றியதோ, தெரியாது. கண்ணெதிரே தெரிந்தவை இடுப்பு உயரங்கூட இல்லாத செங்கற் சுவர்கள். அவற்றின் மேல் ஒரு கூரை. சுற்றிலும் கம்பி வேலி. 1980-ஆம் ஆண்டிலிருந்து தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையார் இங்கே தோண்டினார்கள். 2021 முதல் மறுபடியும் தோண்டி வருகிறார்கள். கனமான செங்கற் சுவர்கள், தூண்களைத் தாங்கிய கருங்கல் பீடங்கள், கூரை ஓடுகள், அவற்றைப் பிணைத்த இரும்பு ஆணிகள், சீன தேசத்துப் பீங்கான் துண்டுகள் எல்லாம் கிடைத்திருக்கின்றன.

சீனத்துப் பீங்கானில் அதிசயம் இல்லை. சோழ அரசரின் தூதர்கள் 1015-இலும் 1033-இலும் 1077-இலும் சீனச் சக்கரவர்த்தியின் சபைக்குச் சென்றதைச் சீனர்களே குறித்து வைத்திருக்கிறார்கள். 1077-இல் போன கோஷ்டியில் மட்டும் 72 பேர். அவர்களுக்கு விடை கொடுத்த அரசனின் வீடு எப்படிப்பட்டது என்பதையும் இந்தச் செங்கல்லும் ஓடுமே சொல்லிவிடுகின்றன. செங்கல்லால் சுவர், கருங்கல் பீடத்தின் மேல் மரத் தூண், அதன் மேல் ஓட்டுக் கூரை. கல்லை அரசன் தனக்கென்று எடுத்துக்கொள்ளவில்லை. கல் தெய்வத்துக்கு; செங்கல்லும் மரமும் மனிதனுக்கு. அதனால்தான் தெய்வத்தின் வீடு நிற்கிறது. அரசன் வீடு மேடாகிவிட்டது.

1279-க்குப் பிறகு சோழர் ஆட்சியே மறைந்தது. பாண்டியர் கை ஓங்கியது. நகரம் பாழடைந்தது. மர வேலை மண்ணாயிற்று. செங்கல் என்னவாயிற்று?

அதற்கு விடை வேலியோரத்தில் ஆடு மேய்த்துக் கொண்டிருந்த ஒரு மூதாட்டியிடம் கிடைத்தது. நம்மைப் பார்த்ததும், "எந்த ஊருங்க, ஐயா?" என்று விசாரித்தாள். பேச்சு வளர்ந்தது. தாத்தா, இந்த மேட்டில் முன்னே சுவர் நிறைய இருந்திருக்குமே என்று கேட்டார்.

"இருந்துச்சுன்னு எங்க மாமனார் சொல்லுவாருங்க. அந்தக் காலத்துல வீடு கட்டறவங்க எல்லாரும் இங்கதான் கல்லு எடுப்பாங்க. எங்க வீட்டு அடுப்படிச் சுவர்ல கூட இருக்குது. பெரிய பெரிய கல்லு." சற்று நிறுத்திப் பிறகு கேட்டாள்: "தப்புங்களா, ஐயா?"

தாத்தா உடனே பதில் சொல்லவில்லை. அவருடைய முகம் வாடிப்போயிற்று.

"உங்களுக்கு வீடு வேண்டியிருந்தது, எடுத்தீர்கள், அம்மா. பசித்தவன் விழுந்த பழத்தைப் பொறுக்கினால் அதைத் தப்பென்று நான் சொல்லமாட்டேன். மரத்தையே வெட்டிக்கொண்டு போனவர்கள் வேறு ஆட்கள். அவர்கள் வேலையை இந்தப் பிள்ளைக்குச் சாயங்காலம் காட்டப் போகிறேன்."

நீரால் ஒரு தூண்

மாலையில் ஆற்றங்கரை பார்ப்பது ஒழுங்கு என்று முன்பே சொன்னோம். இந்தத் தலைநகரத்துக்கு ஆற்றங்கரை கிடையாது. அதற்குப் பதிலாக ஒரு ஏரி உண்டு. அதுதான் இந்த நகரத்தின் உயிர் என்பது நமக்கு அன்றைக்குத்தான் விளங்கிற்று.

தஞ்சையை விட்டுவிட்டுக் கொள்ளிடத்துக்கு வடக்கே, மேட்டுப்பாங்கான மானாவாரி நிலத்தில் ராஜேந்திரன் தலைநகரைக் கொண்டு வந்து வைத்தான். ஆற்று வெள்ளத்தின் பயம் இல்லை. ஆனால் தண்ணீரும் இல்லை. ஆகவே நகரத்தோடு ஏரியையும் படைக்க வேண்டியதாயிற்று. வடக்கே போன படைகள் கங்கை நீரைக் கொண்டு வந்தன. கோதாவரிக் கரையில் அரசன் அவற்றை எதிர்கொண்டான். அந்தப் புனித நீர் சேர்ந்த ஏரிக்குச் சோழகங்கம் என்று பெயர். இன்று பொன்னேரி. ராஜேந்திரனின் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் இந்த ஏரியை ஒரு வெற்றித்தூணாகவே வருணிக்கின்றன. மற்ற அரசர்கள் கல்லில் நாட்டிய தூணை அவன் நீரில் நாட்டினான் என்பது கருத்து.

தூண் என்றால் எவ்வளவு பெரிய தூண்! 1855-இல் ஆங்கிலத்தில் வெளிவந்த தென்னிந்திய கெஜட்டீர் ஒன்று இந்த ஏரிக்கரையின் நீளம் 16 மைல் என்று குறித்திருக்கிறது. தெற்கே கொள்ளிடத்திலிருந்து 60 மைலுக்கு மேற்பட்ட கால்வாய் வழியாகத் தண்ணீர் வந்ததாம். வடக்கே வெள்ளாற்றிலிருந்து மற்றொரு சிறு கால்வாய். அந்த நூலை எழுதிய காலத்திலேயே ஏரி பாழாகி, உட்புறம் அடர்ந்த காடாய் மண்டிக் கிடந்தது. படையெடுத்து வந்த சேனை ஒன்று வேண்டுமென்றே கரையை அழித்தது என்று ஊரார் சொல்லக் கேட்டதையும் அதில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

நாம் போனது ஆனி மாதம். கரை மேல் ஏறி நின்றோம். மழைக் காலத்தில் ஏரியின் ஒரு பகுதியில் தண்ணீர் நிற்பதுண்டு. இப்போது கண்ணுக்கு எட்டியவரை வெடித்த மண்ணும் கருவேல முள்ளும் தெரிந்தன. நடுவே இரண்டு நாரைகள் நின்றன.

"இந்த ஏரிதான் தலைநகரம், தம்பி" என்றார் தாத்தா. "கோயில் அதன் முத்திரை. அரண்மனை அதன் விடுதி. தண்ணீர் இருந்தால் ஊர் இருக்கும். ஊர் இருந்தால் அரசு இருக்கும். கரை உடைந்த அன்றே நகரம் போய்விட்டது."

இலண்டனுக்குத் தேம்ஸ் இருக்கிறது. பாரிஸுக்கு ஸேன் இருக்கிறது. அவை ஆண்டவன் விட்ட ஆறுகள். யாரும் வெட்டாமலே ஓடும். மனிதன் மண் சுமந்து உண்டாக்கிய நீர்நிலைக்கு ஒவ்வொரு தலைமுறையும் மறுபடி மண் சுமந்தாக வேண்டும். ஒரு தலைமுறை அயர்ந்தால் போதும், ஏரி மேடாகிவிடும். ராஜேந்திரன் நாட்டிய தூண் அப்படிப்பட்டது. கல் தூணாயிருந்தால் நாம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாலும் அது நின்றிருக்கும்.

மதிலைத் தேடி

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஊர் திரும்பலாம் என்று நினைத்தோம். தாத்தா இணங்கவில்லை. "தலைநகருக்கு வந்து மதிலைப் பார்க்காமல் போகலாமா?" என்று சொல்லித் தெற்கே போகும் பஸ்ஸில் ஏற்றினார். சிறிது நேரத்தில் அணைக்கரையில் இறங்கினோம்.

கும்பகோணம் போகும் பிரயாணிகள் அனைவரும் அறிந்த இடம். கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை. 1836-இல் ஆர்தர் காட்டன் துரை கட்டியது. பின்னாளில் மதகுகளுடன் திருத்திக் கட்டப்பட்டது. மேட்டூரிலிருந்து வந்த புதுத் தண்ணீர் நுரைத்துக்கொண்டு மதகுகளுக்கடியில் ஓடியது. பாலத்தின் கைப்பிடியில் சாய்ந்து, தாத்தா கீழே சுட்டிக் காட்டினார்.

"மதில் அங்கேதான் போயிற்று, தம்பி."

கீழணை கட்டுவதற்குக் கல் வேண்டியிருந்தது. கல்லுடைக்க மலை அருகில் இல்லை. கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலின் சுற்றுமதிலும், சிற்ப வேலைப்பாடமைந்த கட்டடப் பகுதிகளும் கண்ணில் பட்டன. இடித்து எடுத்தார்கள். நாம் மேலே சொன்ன 1855-ஆம் ஆண்டு நூலே இதையும் மறைக்காமல் கூறுகிறது. ஏழை ஜனங்கள் தங்களால் இயன்ற மட்டும் தடுத்தார்களாம். அவர்களுக்கு அவமதிப்புக் குற்றத்துக்காகத் தண்டனை கிடைத்ததாம். கல் மதிலுக்குப் பதிலாகச் செங்கல் மதில் கட்டித் தருவதாகச் சர்க்கார் வாக்குக் கொடுத்ததாம். அந்த வாக்கு நிறைவேறவே இல்லை என்று ஆங்கிலத்தில், ஆங்கில ஆட்சியில் அச்சான புத்தகமே எழுதி வைத்திருக்கிறது!

அந்த ஏழை ஜனங்களின் பெயர் ஒன்றுகூட நமக்குக் கிடைக்கவில்லை. சிப்பாய்க் கலகத்துக்கு இருபது வருஷங்களுக்கு முன்பே, கையில் ஆயுதம் இல்லாமல், ஒரு கோயிலின் கல்லுக்காகச் சர்க்காரை எதிர்த்து நின்று தண்டனை ஏற்றவர்கள் இந்தத் தாலூக்காவில் இருந்தார்கள். நம் சரித்திரப் புத்தகங்களில் அவர்களுக்கு ஒரு வரி உண்டா? தலைநகரத்தின் கடைசிக் காவற்படை அவர்கள்தாம்.

இதைச் சொல்லும்போது அணையின் நன்மையை மறுப்பதற்கில்லை. கீழணையிலிருந்து வடவாறு பிரிந்து வீராணம் ஏரிக்குப் போகிறது. வீராணம் ராஜேந்திரனின் முன்னோனான முதலாம் பராந்தகன் காலத்து ஏரி. ஆயிரம் வருஷத்துக்கு மேலாக இன்றும் வயலுக்குப் பாய்கிறது. 2004 முதல் அந்த ஏரித் தண்ணீர் குழாய் வழியாகச் சென்னை நகருக்கும் போகிறது. ஆக, பழைய தலைநகரின் மதிற் கல்லைக் கொண்டு எழுப்பிய அணை நிறுத்திய நீரைப் புதிய தலைநகரம் குடிக்கிறது. பராந்தகன் ஏரி உயிரோடிருக்க, அவன் கொள்ளுப்பேரன் மகனுடைய ஏரி மட்டும் முள் மண்டிக் கிடக்கிறது. இரண்டுக்கும் இடையே வேற்றுமை ஒன்றுதான். அதைப் பராமரித்தார்கள், இதைக் கைவிட்டார்கள்.

இரண்டாம் நாள்

2025-ஆம் ஆண்டு ஜூலை மாதம், ராஜேந்திரன் பிறந்த ஆடித் திருவாதிரையில், கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆயிரமாண்டு விழா நடந்தது. பிரதம மந்திரி வந்தார். ராஜேந்திரன் நினைவாக நாணயம் வெளியிட்டார். தமிழக அரசாங்கம் சோழகங்கத்தைச் சீர்ப்படுத்துவதாக அறிவித்தது. ஜனங்கள் சந்தோஷப்பட்டார்கள், நாமும் சந்தோஷப்பட்டோம். ஆனால் இந்த ஊர் ஏற்கெனவே ஒரு வாக்கை நம்பி ஏமாந்த ஊர் என்பதை மறந்துவிடக் கூடாது. செங்கல் மதில் கட்டித் தருகிறோம் என்றவர்கள் அன்னியர். கேட்க நமக்கு உரிமை இல்லை என்றார்கள். இப்போது கொடுக்கப்பட்டிருப்பது நம்மவர் வாக்கு. கேட்கும் உரிமையும் நம்முடையது. கேளாமல் விட்டால் வரும் பழியும் நம்முடையது.

ஏரியைத் தூர் வாரினால் கோயில் இன்னும் அழகாகிவிடாது. கோயிலுக்கு அந்தக் குறை இல்லை. ஆனால் சுற்றிலுமுள்ள மானாவாரி நிலங்களில், மழையை நம்பிக் கண்ணைத் தூக்கி வானத்தைப் பார்க்கும் குடியானவன் ஏரியைப் பார்க்கத் தொடங்குவான். ஆடு மேய்த்த அந்த மூதாட்டியின் பேரப் பிள்ளைகளுக்கு மாளிகைமேட்டில் செங்கல் பொறுக்குவதைவிட வேறு பாத்தியதை ஒன்று கிடைக்கும்.

உடையார்பாளையம் வந்து சேரும்போது இருட்டிவிட்டது. திண்ணையில் சாய்ந்து காலைப் பிடித்துக்கொண்டோம். பையன் வெகு நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னான்:

"தாத்தா, இலண்டனில் முதல் நாள் நான் பார்த்ததெல்லாம் அவர்கள் காப்பாற்றி வைத்தது. இன்றைக்குப் பார்த்ததில் பாதி நாம் காப்பாற்றாமல் விட்டது."

"அதனால்தான் அது முதல் நாள், தம்பி. இரண்டாம் நாள் எப்பொழுது?"

"அடுத்த வருஷம் கார்த்திகையில் விடுமுறை கேட்கிறேன். ஏரியில் தண்ணீர் நிற்கும்போது வந்து பார்க்க வேண்டும்."

தாத்தா வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார்.

"வா. விடுமுறை வாங்குவது உன் பொறுப்பு. தண்ணீர் நிற்கும்படி பார்த்துக்கொள்வது இங்கே இருக்கும் எங்கள் பொறுப்பு."